பனையேறியாக எத்தனை பருவம் ஆகும்?

சென்னையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கும் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், தாத்தாவின் விளையில் (தோப்பில்) அறுபது பனைகள் ஏறுவாரில்லாமல் நிற்பதாகச் சொல்லி, மரம் ஏறுவதில் அனுபவசாலி ஆக எத்தனை மாதம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பனையின் கொண்டை வரை போய் இறங்க எத்தனை நாள் ஆகும் என்பது ஒன்று. போன இடத்தில் பாளை சீவிப் பதநீர் இறக்க எத்தனை காலம் ஆகும் என்பது இன்னொன்று. வீட்டில் இருப்பவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தங்கள் வேலையைப் பார்க்கும் அளவுக்குத் தேறுவது எப்போது என்பது மூன்றாவது. இவற்றுக்கு ஒரே விடையைச் சொன்னால் அது தவறான விடையாகவே இருக்கும் என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

உடன்குடிக்கு அருகே தேரி எனப்படும் செம்மணல் காட்டில் உள்ள ஊரில் பதினைந்து வயதில் அப்பாவிடம் பனையேறக் கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு பதநீர்ப் பருவங்கள் தொடர்ந்து ஏறினேன். தோள்பட்டை நோகத் தொடங்கிய பிறகு ஏறும் மரங்களைக் குறைத்துக்கொண்டு, கற்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதுவரை பத்துப் பன்னிரண்டு பேர் என்னிடம் கற்றிருக்கிறார்கள். ஆகவே நான் சொல்லும் கணக்கு இந்த மணற்காட்டுப் பனைகளையும் எங்கள் ஏறுமுறையையும் வைத்துச் சொல்வது. விழுப்புரம் பக்கத்தில் இடைக்கயிறு கட்டி ஏறுகிறவர்களுக்கும் யாழ்ப்பாணத்துப் பனைகளில் ஏறுகிறவர்களுக்கும் நாட்கணக்கு சற்று மாறலாம். தென்னையில் நான் தேங்காய் பறிக்க ஏறியிருக்கிறேனே தவிர, அதைத் தொழிலாகச் செய்ததில்லை.

முதல் கேள்விக்கான விடை பலரும் நினைப்பதைவிடச் சிறியது. தளைநாரை, அதாவது இரு கால்களையும் சேர்த்துப் பிணைக்கும் நார் வளையத்தை, இரு பாதங்களிலும் மாட்டி, உள்ளங்கால்களை மரத்தின் இரு பக்கமும் அழுத்திப் பொருத்தி, முழங்கால்களை வெளிப்புறமாக விரித்து, கால்களின் பலத்தால் உடம்பை மேலே உந்தி, கைகளால் மரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் இரு கால்களையும் ஒருசேர மேலே தூக்கி வைப்பதுதான் ஏற்றம். புதிதாக ஏறுகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். கையால் உடம்பை இழுத்து, பயத்தில் மார்பை மரத்தோடு ஒட்டிக்கொள்வார்கள். பத்தடி போவதற்குள் முன்கை இறுகிப்போகும், மார்புத் தோல் உரியும். கை பிடிப்பதற்கு, கால் ஏறுவதற்கு என்பது புத்திக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். உடம்புக்கு விளங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். பனையேறுகிறவனை எட்டும் மட்டும் தாங்கலாம் என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். கற்றுக்கொடுக்கும்போது நாங்கள் செய்வதும் அதுதான்: குதிகாலுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, கை எட்டுகிற உயரம் வரை தாங்குவோம், அதற்குமேல் அவர் தாமேதான் போக வேண்டும். உடல் பருமன் இல்லாத, உழைத்துப் பழகிய ஒருவர் பதினைந்தடி வடலியில் (இளம் பனையில்) ஒரு வாரத்திலும், முப்பதடிப் பனையில் ஆள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாதத்திலும் ஏறி இறங்கிவிடுகிறார். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறும்போது அடுத்த பிடி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இறங்கும்போது பாதம் குருடனின் கைபோலத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கணுக்காலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. உகாண்டாவில் தேன் எடுப்பதற்காக மரம் ஏறும் துவா மக்களின் கால்களை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அவர்கள் மரத்தில் ஏறும்போது பாதம் முன்கால் எலும்பை நோக்கி 45 பாகைக்கும் மேல் மடங்குகிறது என்றும், மரம் ஏறாத அண்டை வேளாண் மக்களைவிட அவர்களுடைய கெண்டைக்கால் தசையின் நார்கள் நீளமாக இருக்கின்றன என்றும் அதில் காட்டியிருந்தார்கள். என் அப்பா பாதத்தை மரத்தில் வைத்தால் தரையில் வைத்ததுபோல முழுதாகப் பதியும். என்னுடைய பாதம் அவ்வளவு பதிந்ததில்லை. அவர் ஏழு வயதில் வடலியில் தொங்கத் தொடங்கியவர், நான் பதினைந்தில் தொடங்கியவன். சிறு வயதில் ஏறத் தொடங்குவதால்தான் கால் அப்படி வளைகிறதா, வளர்ந்தவர்களும் பயிற்சியால் அதைப் பெற முடியுமா என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். என்னிடம் முப்பது வயதில் வந்த ஒருவருக்கு இரண்டு பருவத்தில் கணுக்கால் நன்றாகவே இளகியது. வேறொருவருக்கு மூன்று பருவமாகியும் இளகவில்லை. ஆனால் அவரும் இன்றைக்கு இருபது பனை ஏறுகிறார். கால் முழுதாகப் பதியாவிட்டால் களைப்பு கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு வரும்போது மாதக்கணக்கை விட்டுவிட்டுப் பருவக்கணக்குக்கு வாருங்கள். பனை ஆண்டு முழுவதும் பாளை விடுவதில்லை. எங்கள் பக்கத்தில் தை, மாசியில் பாளை தெரியத் தொடங்கி ஆடிவாக்கில் ஓய்ந்துவிடும். மீதி மாதங்களில் ஓலை வெட்டலாம், காய்ந்து தொங்கும் காவோலை கழிக்கலாம், ஏறும் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் பாளை வேலையைக் கற்க முடியாது. ஆகவே ஓராண்டு அனுபவம் என்று ஒருவர் சொன்னால் நான் நான்கைந்து மாத அனுபவம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

பாளை வேலை கையில் வருவதற்கு ஏன் காலம் பிடிக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏறத் தெரிந்தவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆண் பனையான அலகுப்பனையில் பாளை விரிவதற்கு முன்பே கதிர்போன்ற அலகுகளைச் சேர்த்துக் கட்டி, இடுக்கியால் நாள்தோறும் பதமாக அழுத்திவிட வேண்டும். அழுத்தம் குறைந்தால் பதநீர் ஊறாது. கூடினால் பாளை நசுங்கிக் கறுத்து வீணாகும். பெண் பனையான பருவப்பனையின் பாளைக்கு இடுக்கியும் வேறு, பதமும் வேறு. ஊறத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறை ஏறும்போதும் பாளையின் நுனியை மெல்லச் சீவ வேண்டும். ஒரு நாள் சீவத் தவறினால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று அடைபடுகிறது. கனமாகச் சீவினால் பல வாரம் ஊற வேண்டிய பாளை சில நாட்களில் தீர்ந்துபோகிறது. என் முதல் பருவத்தில் ஒரே பனையில் மூன்று பாளைகளைப் பதினைந்து நாளில் சீவித் தீர்த்துவிட்டேன். அப்பா ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, நான் சீவிப் போட்ட துண்டுகளை மரத்தடியிலிருந்து பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் சீவிய துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். அவருடையது வெங்காயத் தோல்போல வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தது. என்னுடையது ஒவ்வொன்றும் அதைப்போல நாலைந்து கனம் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரிவாளை வாங்கிப் பலகையில் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவித் தீட்டத் தொடங்கினார். மெல்லச் சீவ முடியாததற்குக் கையைவிட அரிவாளின் மழுக்கமே காரணம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தீட்டப் பழகவே ஒரு பருவம் ஆயிற்று.

கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும் அப்படித்தான். உட்புறம் தடவும் சுண்ணாம்புதான் பதநீரைப் புளிக்காமல் காக்கிறது. குறைந்தால் அது கள்ளாக மாறும், தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் அது சட்டச் சிக்கலாகவும் மாறும். கூடினால் குடிக்கும்போது நாக்கில் காரும், காய்ச்சும்போது கருப்பட்டியின் பதமும் கெடும். வெயில் ஏறும் நாளுக்கு ஓர் அளவு, மேகமூட்டமான நாளுக்கு ஓர் அளவு, நன்றாக ஊறும் பாளைக்கு ஓர் அளவு என்று அது மாறிக்கொண்டே இருக்கும். இதை எழுதிக் கொடுக்க முடியாது; காலையில் இறக்கிய பதநீரை முகர்ந்து பார்த்துவிட்டு மாலையில் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இவை எல்லாம் ஒருவர் துணையில்லாமல் சொந்தக் கையில் வருவதற்கு மூன்று பருவம் வேண்டும் என்பது என் கணக்கு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஏற்றங்களை எண்ணிப் பார்த்தாலும் இது விளங்கும். நாளுக்கு நாற்பது பனை ஏறுகிற ஒருவர் காலையும் மாலையுமாக எண்பது முறை ஏறி இறங்குகிறார். மரத்துக்கு நாற்பதடி என்று வைத்தால் ஒரு நாளில் அவர் ஏறுவது 3200 அடி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம். ஒரு பருவத்தில் 120 நாள் ஏறினால் 9600 ஏற்றங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் ஐந்து பனையோடு தொடங்குவார். அவருக்கு அதே பருவத்தில் கிடைப்பது 1200 ஏற்றங்கள்தான். இருவருக்கும் ஓராண்டு கழிந்திருக்கும், ஆனால் ஒருவருக்கு மற்றவரைவிட எட்டு மடங்கு ஏற்றம் கிடைத்திருக்கும். அதனால் அவசரப்பட்டு முதல் பருவத்திலேயே நாற்பது பனையைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுக்காதீர்கள். களைத்த காலோடு ஏறிய ஏற்றம் கற்றுத்தருவதைவிடக் கெடுப்பதே அதிகம். முதல் பருவம் ஐந்து முதல் எட்டுப் பனை, இரண்டாவது பருவம் பதினைந்து, மூன்றாவது பருவத்தில் இருபத்தைந்து என்று போவது உடம்புக்கு ஒத்துவருகிறது.

மூன்றாவது கேள்விதான் என் மனத்துக்கு நெருக்கமானது. நான் தவறி விழப்போனது முதல் பருவத்தில் அல்ல, இரண்டாவது பருவத்தின் நடுவில். முதல் பருவத்தில் பயம் இருந்தது, பயம் ஒவ்வொரு பிடியையும் இரண்டு முறை பார்க்க வைத்தது. இரண்டாவது பருவத்தில் கால் தானாக ஏறத் தொடங்கிவிட்டதால், எனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வைகாசியில் ஒரு விடியற்காலை, கொண்டைக்குக் கீழே கையை மேலே வீசி ஒரு மட்டையைப் பற்றினேன். மேலே இருந்த ஓலை இன்னும் பாதி பச்சையாக இருந்தது. ஆனால் மட்டையின் அடி, மரத்தோடு சேரும் இடத்தில் உளுத்திருந்தது. அது கையோடு வந்துவிட்டது. மட்டை ஓரத்துப் பல்போன்ற கருக்கு உள்ளங்கையைக் கிழித்தது. தளைநார் மரத்தில் கவ்விக்கொண்டிருந்ததால் பின்னால் சாயாமல், மரத்தை அணைத்தபடியே பத்துப் பதினைந்தடி சறுக்கி நின்றேன். மார்பிலும் தொடையிலும் தோல் போய்விட்டது. அன்று மாலை அப்பா என்னை மறுபடி அதே மரத்தடிக்கு அழைத்துச் சென்று மேலே பார்க்கச் சொன்னார். கழிக்காமல் விட்ட காவோலைகள் அந்த மட்டையை மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. “ஏறுறதுக்கு முன்னால பாத்தியாலே?” என்றார். நான் பார்க்கவில்லை.

அதிலிருந்து, ஏறுவதற்கு முன் ஒரு மரத்தைச் சுற்றி வருவதை நான் விட்டதில்லை. மட்டையைப் பிடிப்பதானால் அடியை உள்ளங்கையால் தட்டி, ஓசை கேட்டு, முக்கால் பாரத்தைக் காலில் வைத்துக்கொண்டே பிடிக்க வேண்டும். இரவு மழை பெய்திருந்தால் மரத்தின் எந்தப் பக்கம் வெயில் படுகிறதோ அந்தப் பக்கம் உலரும்வரை காத்திருக்க வேண்டும். கொண்டையைச் சுற்றிக் குளவியின் நடமாட்டம் இருக்கிறதா, மரத்தில் பொந்து விழுந்திருக்கிறதா, காற்று ஒரே சீராக அடிக்கிறதா அல்லது விட்டு விட்டுத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். தொலைவில் இடி கேட்டால் கலயம் நிறைந்திருந்தாலும் இறங்கிவிட வேண்டும். இவற்றைச் சொல்லித் தந்துவிடலாம். ஆனால் பதநீர் வீணாகிறதே, பாளை அடைபட்டுவிடுமே என்ற நெருக்கடியிலும் இன்றைக்கு இந்த மரம் வேண்டாம் என்று விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும் மனம் ஒருவருக்கு எப்போது வரும் என்று நாள் குறிக்க முடியாது. நான் பார்த்தவர்களில் அநேகருக்கு அது நான்காவது, ஐந்தாவது பருவத்தில் வந்தது. ஒருவருக்கு முதல் பருவத்திலேயே இருந்தது. பத்துப் பருவம் ஏறியும் அது வராதவர்களும் உண்டு, அவர்களை நான் அனுபவசாலிகள் என்று எண்ணுவதில்லை.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு செய்தியையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மர நண்பர்கள்’ என்ற பெயரில் நடத்தும் பயிற்சி ஆறு நாள்தான். ஆறு நாளில் ஒருவர் ஏறுகருவியைக் கொண்டு தென்னை ஏறக் கற்றுவிடுகிறார் என்பது உண்மை, அது நல்ல பயிற்சி, அதனால் பெண்களும் தென்னை ஏறுகிறார்கள். ஆனால் தேங்காய் பறிக்க ஒரு தென்னையில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும். மேலே போய்க் குலையை வெட்டித் தள்ளிவிட்டு இறங்கிவிடலாம். பதநீர்ப் பனையில் ஒரே மரத்தில் நாளுக்கு இருமுறை ஏற வேண்டும், மேலே நின்று இரு கையாலும் நுணுக்கமான வேலை செய்ய வேண்டும். பனைக்கும் ஏறுகருவிகள் வந்திருக்கின்றன. அடி பருத்தும் மேலே போகப் போகச் சிறுத்தும் இருக்கும் பனையில் அதை இடையிடையே இறுக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, மரத்துக்கு மரம் கழற்றி மாட்டிச் சுமக்க வேண்டியிருக்கிறது; அதனால் நாற்பது பனை ஏறுகிறவருக்கு அது ஒத்துவருவதில்லை. ஐந்தாறு பனையோடு தொடங்கும் உங்களுக்கு அது உதவலாம். கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் தலைமுறையில் அதைக் கௌரவக் குறைவாக நினைத்தோம். அப்படி நினைத்தவர்களில் இருவரை முதுகெலும்பு முறிந்த நிலையில் நான் தூக்கிச் சென்றிருக்கிறேன். தூக்கிய முறையும் தவறு என்று பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. விழுந்தவரைக் கை காலைப் பிடித்துத் தூக்காமல், உட்காரவும் வைக்காமல், கிடந்தபடியே அசையாமல் வைத்து 108ஐ அழைக்க வேண்டும். உங்களோடு விளைக்கு வருகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று பருவத்தில் தனியாக ஏறவே கூடாது.

இருபத்தேழு வயது தாமதமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் அந்தக் கவலை உங்கள் எழுத்தில் தெரிகிறது. தாமதம் இல்லை. பதினைந்து வயதுக்காரனின் உடம்பு வேகமாகக் கற்கிறது, இருபத்தேழு வயதுக்காரரின் புத்தி மரத்தை நிதானமாகப் பார்க்கிறது. எது எதை ஈடுகட்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. தலைசுற்றலோ, வலிப்போ, முன்பே தோளிலும் முழங்காலிலும் காயமோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தை பிறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அறுபது பனைகளும் ஆண்டுக்கணக்கில் ஏறப்படாமல் நின்றவை என்பதால், எல்லாவற்றிலும் காவோலை மண்டியிருக்கும். அதைக் கழிப்பதற்கு நீங்கள் ஏறாதீர்கள். ஊரில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரைக் கூலி கொடுத்து அழையுங்கள். அவரோடு ஒவ்வொரு மரமாக நடந்து, எது அலகு, எது பருவம் என்று கேட்டுச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். சில மரத்தடியில் அவர் நின்று மேலே பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடப்பார். அந்த மரங்களுக்கு வேறோர் அடையாளம் போட்டுவிட்டு, ஏன் வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.